மாநில எல்லையும் மானின் உடைமையும்: அமெரிக்காவில் வெளிமாநில வேட்டை அனுமதி உருவான வரலாறு

அமெரிக்காவில் ஒரு மாநிலத்துக்காரர் இன்னொரு மாநிலத்தில் மான் வேட்டையாடப் பொது உரிமம் மட்டும் பெரும்பாலும் போதுவதில்லை. குறிப்பாக மேற்கு மாநிலங்கள் பலவற்றில், பருவம் தொடங்குவதற்குப் பல மாதங்கள் முன்பே விண்ணப்பித்து, குலுக்கலில் ‘டேக்’ பெற வேண்டும். வீழ்த்திய மானின் உடலில் கட்டவேண்டிய சீட்டு அது. ஒரு சீட்டுக்கு ஒரு மான். உள்ளூர்க்காரர் கொடுப்பதைவிடப் பல மடங்கு கட்டணம் கட்டினாலும், வெளியாருக்கென ஒதுக்கிய சிறு பங்குக்குள்தான் அவர் போட்டியிட முடியும். காட்டு விலங்கு யாருடைய சொத்து என்ற பழைய வழக்கிலிருந்து இந்த வேறுபாடு கிளைத்தது. அந்த வழக்கின் அடிப்படை சரிந்த பிறகும் வேறுபாடு நிலைத்தது எப்படி என்பதே இக்கட்டுரையின் கேள்வி.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இறைச்சி, தோல் வணிகத்துக்கான வேட்டை, மான் கூட்டங்களை ஏறக்குறைய அழித்துவிட்டது. வேட்டைப் பொருள்களை ரயில் தொலைநகரச் சந்தைகளுக்கு ஏற்றிச் சென்றது. மாநிலங்கள் தடுப்புச் சட்டங்கள் இயற்றின. அவற்றுக்கு வலுவான கோட்பாட்டைத் தந்தது 1896இல் உச்ச நீதிமன்றம் வழங்கிய ‘கீர் எதிர் கனெக்டிகட்’ தீர்ப்பு. கனெக்டிகட்டில் சுட்ட பறவைகளை வெளிமாநிலத்துக்கு அனுப்ப வைத்திருந்தார் என்பது கீர் மீதான குற்றச்சாட்டு. காட்டு உயிர்கள் மாநில மக்களின் பொது உடைமை, அவற்றை எல்லைக்குள்ளேயே நிறுத்திவைக்க மாநிலத்துக்கு அதிகாரம் உண்டு என்று பெரும்பான்மை நீதிபதிகள் கூறினர். உடைமை மாநிலத்தாருடையது என்றாகிவிட்டால், வெளியிலிருந்து வருபவரிடம் தனி விலை கேட்பதில் தவறில்லை என்ற வாதமும் எளிதில் பின்தொடர்ந்தது. 1900இல் வந்த லேசி சட்டம், மாநிலச் சட்டத்தை மீறிக் கொன்ற விலங்குகளை எல்லை கடத்துவதைக் கூட்டாட்சிக் குற்றமாக்கியது.

1937ஆம் ஆண்டின் பிட்மன்–ராபர்ட்சன் சட்டம் பணத்தின் போக்கை மாற்றியது. துப்பாக்கி, தோட்டா மீதான கூட்டாட்சி வரி வருவாய், வனவுயிர்ப் பணிகளுக்காக மாநிலங்களுக்குத் திருப்பப்பட்டது. அதைப் பெற, வேட்டை உரிமக் கட்டணத்தை வேறு செலவுக்குத் திருப்பக் கூடாது என்பது நிபந்தனை. இப்படி உரிமக் கட்டணமே வனவுயிர்த் துறைகளின் முதுகெலும்பாயிற்று. கூடுதலாகச் செலுத்துபவர் பெரும்பாலும் வெளிமாநிலத்தவர். அம்மாநிலத் தேர்தலில் அவருக்கு வாக்கில்லை. கட்டணம் எளிதில் உயர்ந்ததற்கு இதுவும் ஒரு காரணம் என்பது என் கணிப்பு.

மோதல் முற்றியது மொன்டானாவில். 1976இல் உள்ளூர்வாசி எல்க் மானுக்கு மட்டும் 9 டாலருக்கு உரிமம் வாங்கலாம். வெளியார் எல்க் வேட்டையாட, மான், கருங்கரடி முதலியவற்றையும் சேர்த்த 225 டாலர் தொகுப்பைத்தான் வாங்க வேண்டும். அதே போன்ற தொகுப்பு உள்ளூர்வாசிக்கு 30 டாலர். வெளியாருக்கு 17,000 உரிமங்கள் என்ற உச்சவரம்பும் இருந்தது. இதை எதிர்த்த ‘பால்ட்வின்’ வழக்கில் 1978இல் உச்ச நீதிமன்ற நீதிபதி பிளாக்மன் எழுதிய பெரும்பான்மைத் தீர்ப்பு மொன்டானாவின் பக்கம் நின்றது. எல்க் வேட்டை பொழுதுபோக்கே. ஒரு மாநிலக் குடிமகன் பிற மாநிலத்தில் சமமாக நடத்தப்பட வேண்டிய அடிப்படை உரிமைகளில் அது சேராது என்பது அதன் சாரம். நீதிபதி பிரென்னன் உள்ளிட்ட மூவர் மறுத்தனர்.

மறு ஆண்டே உடைமைக் கோட்பாடு சரிந்தது. ஓக்லஹோமாவில் வாங்கிய சிறு மீன்களை டெக்சஸுக்குக் கொண்டுபோன வணிகரின் வழக்கான ‘ஹியூஸ் எதிர் ஓக்லஹோமா’வில், 1979இல், உச்ச நீதிமன்றம் கீர் தீர்ப்பைக் கைவிட்டது. காட்டு விலங்கை மாநிலம் உண்மையில் ‘உடைமையாக வைத்திருக்கவில்லை’ என்றாயிற்று. ஆனால் பால்ட்வின் தீர்ப்பு, வேட்டை பொழுதுபோக்கே என்ற வாதத்தில் நின்றதால், வெளியாருக்கான தனிக் கட்டணம் தப்பித்தது. ஒரு நூற்றாண்டுப் பழக்கம் தன் காரணத்தை மாற்றிக்கொண்டு உயிர்வாழ்ந்த தருணம் இதுதான்.

ஆனால் வணிகம் என்ற கேள்வி மிச்சமிருந்தது. அது எழுந்தது அரிசோனாவில். கொலராடோ ஆற்றுக்கு வடக்கே கைபாப் பீடபூமியின் மியூல் மான்கள் கொம்புக்குப் பேர்போனவை. 1906இல் தியடோர் ரூஸ்வெல்ட் அங்கே காப்பகம் அறிவித்தார். கொன்றுண்ணிகள் அழிக்கப்பட, மான்கள் பெருகி, 1920களில் பட்டினியால் செத்து விழுந்தன. பிற்காலத்தில் அரிசோனா, அங்குள்ள கொம்பு மான்களிலும் மாநிலமெங்கும் உள்ள ஆண் எல்குகளிலும் வெளியார் பங்கை 10 விழுக்காட்டுக்குள் நிறுத்தியது. தொழில்முறை வழிகாட்டிகள் வழக்குத் தொடுத்தனர். கொம்பும் தோலும் விற்பனைப் பொருள்கள் ஆதலால் இது மாநிலங்களுக்கிடையிலான வணிகத்தைத் தொடுகிறது, கடுமையான சோதனைக்கு உட்பட்டது என்று 2002இல் 9ஆவது வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம் கூறியது. வழக்கு திரும்பிய கீழமை நீதிமன்றத்தில் 2004இல் வரம்பு வீழ்ந்தது. மாநிலங்கள் பதற, செனட்டர் ஹாரி ரீட் முன்னெடுத்த விதி 2005இல் ஓர் அவசர நிதிச் சட்டத்தோடு இணைத்து நிறைவேற்றப்பட்டது: குடியிருப்பின் அடிப்படையில் வேட்டை, மீன்பிடி அனுமதிகளை வேறுபடுத்த மாநிலங்களுக்கு அதிகாரம் உண்டு.

தன் மாநிலம் பராமரிக்கும் மானுக்கு உள்ளூர்வாசி முதலிடம் கேட்பது நியாயமே என்று நான் கருதுகிறேன். ஆனால் அந்த வாதம் மாநிலக் காட்டுக்குத்தான் முழுமையாகப் பொருந்தும். கைபாபின் பெரும்பகுதி தேசியக் காடு; அதன் பராமரிப்புக்கு எல்லா மாநிலத்தாரும் வரி செலுத்துகிறார்கள். அந்த மண்ணில் நடந்து போகவோ கூடாரமடிக்கவோ எந்த மாநிலம் என்று யாரும் கேட்பதில்லை. அங்கே மானுக்குக் குறிவைக்கும்போது மட்டும், இன்றும் அரிசோனாவின் 10 விழுக்காட்டுக்குள் பெயர் விழ வேண்டும்.