அதே தரை, அதே துடைப்பம், புது முதலாளி

அவுட்சோர்சிங் என்றாலே பலருக்கும் கால் சென்டர்களும் கம்ப்யூட்டர் கம்பெனிகளும்தான் நினைவுக்கு வரும். ஆனால் "வேலையை வெளி ஆளிடம் கொடுத்தால், அதுவரை அதைச் செய்து வந்தவர் கதி என்ன?" என்ற கேள்வியை ஐரோப்பாவில் நீதிமன்றம் வரை கொண்டுபோனவர்கள் தரையைப் பெருக்கித் துடைத்த பெண்கள்!

இன்றைய ஐரோப்பிய ஒன்றியத்தின் முன்னோடியான பொருளாதாரச் சமூகம் 1977இல் ஒரு விதி கொண்டு வந்தது. ஒரு தொழில் கைமாறினால் அதன் ஊழியர்களும் பழைய சம்பளம், பழைய சர்வீஸ், பழைய நிபந்தனைகளோடு புது முதலாளியிடம் போவார்கள். கைமாறியதையே காரணமாக்கி வேலையை விட்டு நீக்கக் கூடாது. ஊழியர்களின் பிரதிநிதிகளுக்கு முன்கூட்டியே தகவல் சொல்ல வேண்டும்.

பிரிட்டன் இதை 1981இல் 'டியூபி' என்ற பெயரில் சட்டமாக்கியது. ஆனால் அதில் ஓர் ஓட்டை வைத்தது. வணிக நோக்கம் இல்லாத அமைப்புகளுக்கு இது பொருந்தாது! 1988இல் வந்த இன்னொரு சட்டம் குப்பை அள்ளுவது, துப்புரவு, சமையல் போன்ற உள்ளாட்சி வேலைகளை டெண்டர் போட்டியில் விடச் சொன்னது. இந்த வேலைகளில் பெரிய செலவே ஆள் கூலிதான். குறைந்த விலைக்கு டெண்டர் எடுப்பவர் எங்கே கை வைப்பார் என்று சொல்லவும் வேண்டுமா?

திருப்பம் ஜெர்மனியிலிருந்து வந்தது. ஒரு வங்கிக் கிளையில் துப்புரவுக்கு இருந்தது ஒரே ஒரு பெண். 1992இல் அவரை நீக்கிவிட்டு வேலையை ஒரு துப்புரவு கம்பெனியிடம் கொடுக்க வங்கி முடிவு செய்தது. அந்தக் கம்பெனி அவருக்கு வேலை தர முன்வந்தது. மாதச் சம்பளமும் அதிகம். ஆனால் துடைக்க வேண்டிய பரப்பும் அதிகம்! கணக்குப் போட்டால் மணிக்கூலி குறைகிறது என்று அவர் மறுத்து வழக்குப் போட்டார். ஒரே ஊழியர் செய்த வேலையானாலும் விதி பொருந்தும் என்று 1994 ஏப்ரலில் ஐரோப்பிய நீதிமன்றம் சொன்னது. அதே ஆண்டு ஜூனில் பிரிட்டனின் ஓட்டையும் தவறு என்று தீர்ப்பு வந்தது.

கதை அங்கே முடியவில்லை. 1997இல் இன்னொரு ஜெர்மன் வழக்கு. ஒரு பள்ளிக்கூடம் துப்புரவு கான்ட்ராக்டரை மாற்றியது. பழைய கான்ட்ராக்டர் தன் ஆட்களை நீக்கினார். கான்ட்ராக்ட் மாறியது மட்டும் போதாது என்றது நீதிமன்றம். முக்கியமான சாதனங்களோ, பழைய ஊழியர்களில் பெரும்பகுதியோ புதியவரிடம் போயிருக்க வேண்டுமாம். விளைவு விசித்திரமானது. பெரும்பாலான ஆட்களை ஏற்றுக்கொண்டவரைச் சட்டம் கட்டும். ஒருவரையும் ஏற்காதவர் தப்பிக்கலாம்!

பிரிட்டன் 2006இல் தன் சட்டத்தைத் திருத்தி இந்தக் குழப்பத்தைப் பெருமளவு தீர்த்தது. வேலையை வெளியே கொடுத்தாலும், கான்ட்ராக்டர் மாறினாலும், திரும்ப உள்ளே எடுத்தாலும், அதற்கென்றே இருந்த ஊழியர் குழு வேலையோடு சேர்ந்து போகும். நிறுவன ஓய்வூதியத் திட்டத்தின் பலன்கள் மட்டும் பெரும்பாலும் கூடவே வருவதில்லை.

அவுட்சோர்சிங்கில் செலவு குறைவது தவறில்லை. நல்ல கருவியாலும் நல்ல ஏற்பாட்டாலும் குறைந்தால் அது திறமை. துடைப்பவரின் மணிக்கூலியிலிருந்து குறைந்தால் அது சேமிப்பே அல்ல. ஒருவர் பையிலிருந்து இன்னொருவர் பைக்குப் போன பணம். அந்த வங்கிப் பெண் போட்ட கணக்கு அதுதான்.