பக்கத்துப் பாஷை

மொழிகள் பல இருப்பதைப் பெருமையாகப் பேசப் பழகிவிட்டோம். அவற்றில் இன்னொன்றைக் கற்பது பற்றி அவ்வளவு பேச்சு இல்லை. இரண்டும் வேறு விஷயங்கள். சென்னையின் சரித்திரத்திலேயே இதற்குச் சாட்சி உண்டு.

1812இல் புனித ஜார்ஜ் கோட்டைக் கல்லூரி ஏற்பட்டது. கம்பெனியின் இளம் உத்தியோகஸ்தர்கள் தென்னாட்டு மொழிகளைக் கற்பதற்கான இடம். பாஷைப் பிரியத்தால் வந்த ஏற்பாடு என்று யாரும் மயங்க வேண்டாம்; வரி வசூலிக்கவும் வழக்குத் தீர்க்கவும் பாஷை வேண்டியிருந்தது. ஆனால் தமிழ்ப் பண்டிதரும் தெலுங்குப் பண்டிதரும் ஒரே கூரையின்கீழ் பாடம் சொல்ல நேர்ந்தது. விளைவை ஆட்சியாளர்கள் உத்தேசித்திருக்க முடியாது. காம்ப்பெல்லின் தெலுங்கு இலக்கணத்துக்கு 1816இல் எல்லிஸ் எழுதிய குறிப்பில், தமிழ், தெலுங்கு, கன்னட வேர்ச்சொற்கள் அருகருகே அடுக்கப்பட்டன. இவை ஸம்ஸ்கிருதத்திலிருந்து பிறந்தவையல்ல, ஒரு குடும்பம் என்பது தெரிந்தது. கால்டுவெல்லின் நூல் வெளிவர இன்னும் 40 ஆண்டுகள் இருந்தன. எல்லிஸின் பெயராவது இன்று நினைவிருக்கிறது. அவருக்கு ஆதாரமான வேர்ச்சொற் பட்டியலைத் தந்த பட்டாபிராம சாஸ்திரியை எத்தனை பேர் அறிவோம்?

என்னை யோசிக்கவைப்பது இது நிகழ்ந்த இடம்தான். தமிழும் தெலுங்கும் இந்த மண்ணில் நூற்றாண்டுகளாக அண்டைவீட்டுக்காரர்கள். நாயக்கர் தஞ்சையில் தெலுங்குக் கவிதை செழித்தது. ஆனாலும் பக்கத்துப் பாஷையைவிட ஸம்ஸ்கிருதத்தை அளவுகோலாக வைத்துக்கொள்வதே இலக்கணக்காரர்களின் பொது வழக்கம். உறவு புலப்பட ஒரு வகுப்பறை தேவைப்பட்டது. அதே கல்லூரியின் தமிழ்ப் பண்டிதர் தாண்டவராய முதலியார் பஞ்சதந்திரத்தை மராத்தியிலிருந்து தமிழில் தந்தார்; 1826இல் அது அச்சாயிற்று. நவீனத் தமிழ் உரைநடையின் ஆரம்பத்தைப் பேசுகிறவர்கள் தாண்டிப் போக முடியாத புத்தகம் அது.

1854இல் கல்லூரி மூடப்பட்டது. பள்ளியில் மொழி பற்றிய நம் விவாதம் 1968இல் உறைந்துவிட்டது. தமிழக அரசு இருமொழி என்றது. மத்திய அரசின் கல்விக் கொள்கை மும்மொழி என்றது. திணிப்பை எதிர்த்தது நியாயமே. ஆனால் ஹிந்தி வேண்டும், வேண்டாம் என்ற இரண்டு குரல்களுக்கு நடுவே தெலுங்கும் கன்னடமும் மலையாளமும் காணாமற் போயின. மும்மொழியைப் போதித்த வட மாநிலங்களிலும் தென்மொழி ஒன்றுக்கு வகுப்பறையில் இடம் கிடைத்தது அபூர்வம். நான் வேலை செய்யும் வங்கியில் பணம் கட்டும் படிவத்தில் மூன்று மொழிகள் அச்சாகியிருக்கின்றன. தனக்குரிய வரியை மட்டும் பார்த்துக் கையெழுத்திட்டுப் போகிறார்கள். நாம் கொண்டாடும் பன்மொழிச் சூழல் பெரும்பாலும் இந்தப் படிவம்தான்.

பெரிய திட்டம் எதுவும் வேண்டியதில்லை. ஓசூர்ப் பக்கத்து வகுப்பறைகளில் தெலுங்கு வீட்டுப் பிள்ளையும் கன்னட வீட்டுப் பிள்ளையும் தமிழ்ப் பிள்ளையோடு உட்கார்ந்திருக்கிறார்கள். வாரம் ஒரு மணி நேரம், பரீட்சையும் மதிப்பெண்ணும் இல்லாமல், ஆசிரியர் கரும்பலகையில் மூன்று பத்திகள் போடட்டும். பால், பாலு, ஹாலு. அடுத்த சொல்லைத் தெலுங்குப் பிள்ளை சொல்லட்டும். வீட்டில் மட்டுமே செல்லுபடியான அதன் பாஷைக்கு அன்று பள்ளியில் மரியாதை கிடைக்கும். கன்னடத்தில் 'ப' ஏன் 'ஹ' ஆயிற்று என்று தமிழ்ப் பிள்ளை கேட்டுவிட்டால், எல்லிஸ் உட்கார்ந்த இடத்துக்கு அது வந்துவிட்டது என்று அர்த்தம். வரி வசூலிக்கும் உத்தேசம் இல்லாமலே.