கட்டபொம்மன் கோட்டையும் மலாக்கா அரண்மனையும்

கோலாலம்பூரில் முன்னாளில் பத்து ரோடு என்று வழங்கி, இப்போது துவாங்கு அப்துல் ரகுமான் சாலை எனப் பெயர் பெற்றுள்ள தெருவில், 1920-ஆம் ஆண்டு எழுந்த கொலிசியம் படக்கொட்டகை இன்றும் நிற்கிறது. பிரிக்பீல்ட்ஸில் இருந்த லிடோ கொட்டகை மறைந்துவிட்டது. கிள்ளானைச் சூழ்ந்திருந்த ரப்பர்த் தோட்டங்களிலோ கொட்டகை என்று எதுவும் கிடையாது. திடலில் இரண்டு கம்பங்களை நட்டு, நடுவே வெள்ளைத் துணியை இழுத்துக் கட்டினால் அதுவே திரை. அதன் முன்னே பாய் விரித்து உட்கார்ந்தால் அதுவே கொட்டகை. மலாய்க்காரர் இதனை ‘வாயாங் பாச்சாக்’ என்பர். நட்டு வைத்த கூத்து என்பது பொருள். ரயில்வேத் தொழிலாளரும், கிராணிமாரும், விடியுமுன் பால்வெட்டுக்குச் செல்வோரும் தமிழ் மன்னர்களை முதன்முதலாகக் கண்ணால் கண்டது இத்தகைய இடங்களில்தான்.

‘கண்ணால் கண்டது’ என்ற சொல்லை அழுத்திச் சொல்லவேண்டும். தமிழகத்துக் குடியானவன் ஒருவன் எழுத்தறியாதவனாயினும் வழிப்போக்கில் ஒரு கோபுரத்தையோ, இடிந்த கோட்டை மதிலையோ பார்த்திருப்பான். கிள்ளான் தோட்டத்து லயத்தில் பிறந்து வளர்ந்த பிள்ளைக்கு அதுவுமில்லை. தோட்டத் தமிழ்ப் பள்ளிகளோ தொடக்க வகுப்புகளோடு நின்றவை. அரசன் என்றால் எப்படியிருப்பான், அவன் எங்கே வாழ்ந்தான், எதை உடுத்தினான் என்ற வினாக்களுக்கு அப்பிள்ளைக்குக் கிடைத்த விடை வெள்ளித்திரையில் விழுந்த ஒளியே. அந்த விடை சரியானதுதானா என்பதை ஆராய்வது தமிழாசிரியர்க்குரிய கடமைகளுள் ஒன்று.

ராஜா ராணிக் கதைகள் கறுப்பு வெள்ளைக் காலத்திலேயே மலிந்திருந்தன. 1948-இல் ஜெமினி அதிபர் எஸ். எஸ். வாசன் வெளியிட்ட ‘சந்திரலேகா’வில் பிரம்மாண்டமான முரசுகளின்மேல் நங்கையர் ஆடிய காட்சி இன்றளவும் பேசப்படுகிறது. ஆனால் சந்திரலேகாவின் நாடு எந்தத் தேசப்படத்திலும் இல்லாதது. அங்கே எதைக் காட்டினாலும் பிழையென்று சொல்ல எவருக்கும் உரிமையில்லை. 1956-இல் சேலம் மாடர்ன் தியேட்டர்ஸாரின் ‘அலிபாபாவும் 40 திருடர்களும்’ தமிழில் முதல் முழுநீள வர்ணப் படமாக வெளிவந்தது. அதுவும் கற்பனை நாடே. 1958-இல் வந்த ‘நாடோடி மன்னன்’ படத்தின் பிற்பகுதி வர்ணத்தில் அமைந்தது. அதற்கு அடுத்த ஆண்டு, 1959 மே மாதத்தில், பி. ஆர். பந்துலுவின் ‘வீரபாண்டிய கட்டபொம்மன்’ திரைக்கு வந்தபோதுதான் உண்மையில் வாழ்ந்து, உண்மையில் தூக்கிலிடப்பட்ட ஒரு தமிழ்நாட்டுத் தலைவன் முழு வர்ணத்தில் தோன்றினான். சக்தி கிருஷ்ணசாமி வசனம் எழுதினார். கதை அமைப்பில் ம. பொ. சிவஞானம் துணைநின்றார். போர்க்காட்சிகளுள் சில ராஜஸ்தானத்து ஜெய்ப்பூர் வட்டாரத்தில் எடுக்கப்பட்டன. 1960-இல் கெய்ரோ நகரில் நடந்த ஆசிய ஆப்பிரிக்கப் படவிழாவில் சிவாஜி கணேசனுக்குச் சிறந்த நடிகர் பரிசு கிடைத்தது.

மலாயாவில் இந்தப் படத்துக்குத் தனியாக ஒரு பொருள் இருந்தது. திரையில் வரும் வெள்ளை அதிகாரியை எல்லாரும் ‘ஜாக்சன் துரை’ என்கிறார்கள். தோட்டத்து மானேஜரும் ‘துரை’தான், அவர் குடியிருந்தது துரை பங்களாதான். 1957-இல் நாடு விடுதலை பெற்றபின்பும் பல தோட்டங்களில் வெள்ளைத் துரைமாரே இருந்தனர். 1798-இல் இராமநாதபுரத்தில் கலெக்டரை எதிர்த்து நிமிர்ந்து நின்ற பாளையக்காரனின் குரலை, பகலெல்லாம் துரையின் முன் தலைகுனிந்து நின்றவர் இரவில் கேட்டார். தமிழகத்து ரசிகனுக்கு அது கடந்துபோன சரித்திரம். தோட்டத்து ரசிகனுக்கு அதில் வந்த சொல்லாவது அன்றாடப் பேச்சில் உயிரோடிருந்தது.

இனிக் கோட்டையைப் பார்ப்போம். திரையில் தெரிவது பெருங்கோட்டை: உயர்ந்த மதில்கள், வரிசைத் தூண்கள், பளிச்சிடும் பட்டுத் திரைகள், விரிந்த சபா மண்டபம். பாஞ்சாலங்குறிச்சியில் இருந்ததோ மண்கோட்டை. 1801-ஆம் ஆண்டுப் போரில் கும்பினிப் படையோடு சென்ற ஜேம்ஸ் வெல்ஷ் என்ற அதிகாரி அதனைத் தம் நினைவுக் குறிப்புகளில் வருணித்திருக்கிறார். அது முழுவதும் மண்ணாலானது. ஆனால் மிக உறுதியாகப் பிசைந்து கட்டிய மண். அந்த மண்ணின் கதை, படம் முடிந்த இடத்தில்தான் தொடங்குகிறது. 1799 அக்டோபர் 16-ஆம் நாள் கயத்தாற்றில் கட்டபொம்மன் தூக்கிலிடப்பட்டான். கோட்டை இடிக்கப்பட்டது. 1801 பிப்ரவரியில் பாளையங்கோட்டைச் சிறையிலிருந்து தப்பிய தம்பி ஊமைத்துரை, சில நாள்களுக்குள் அதே மேட்டில் கோட்டையை மறுபடி எழுப்பிவிட்டான். தேடி வந்த கும்பினியார் மதிலைக் கண்டு திகைத்தனர். மார்ச் 31-இல் அவர்கள் தொடுத்த தாக்குதல் முறியடிக்கப்பட்டது. பெரும் பீரங்கிகளும் புதுப்படையும் வந்தபின், மே 24-இல்தான் கோட்டை வீழ்ந்தது. பிறகு அதனைத் தரைமட்டமாக்கி உழுதுவிட்டார்கள். ஆமணக்கு விதைத்தார்கள் என்பதும் வழக்கு.

உழவரும் காவற்காரரும் கையால் மண் குழைத்துச் சில நாளில் எழுப்பிய மதில், உலகில் அந்நாளில் முதன்மை பெற்றிருந்த ஒரு படையை இரண்டு மாதம் நிறுத்தி வைத்தது என்பது எந்த அரங்க அமைப்பாளரும் கற்பனை செய்யாத காட்சி. கண்ணைப் பறிக்கும் அரண்மனையைக் காட்டப்போய், அதைவிடப் பெரிய அதிசயத்தைப் படம் கைவிட்டது. மண் மதில் வர்ணத்தில் எடுபடாது என்று எண்ணினார்களோ என்னவோ! 1974-இல் தமிழக அரசு பாஞ்சாலங்குறிச்சியில் ஒரு நினைவுக் கோட்டை கட்டியது. அது மண்ணால் ஆனதன்று.

இந்தப் பளபளப்பு எங்கிருந்து வந்தது? பெரும்பாலும் நாடக மேடையிலிருந்து வந்தது. பார்சி நாடகக் கம்பெனிகள் தென்னாட்டில் சுற்றிய காலந்தொட்டு, மேடையரசன் என்றால் வெல்வெட்டு அங்கி, சரிகைக் கரை, கல் பதித்த கிரீடம், கழுத்து நிறைய முத்து என்பது எழுதாத சட்டமாயிற்று. சோழனும் அதையே அணிந்தான், பாண்டியனும் அணிந்தான், அரிச்சந்திரனும் அணிந்தான். சினிமா வந்தபோது அந்தப் பெட்டிகளே ஸ்டூடியோவுக்குள் சென்றன.

சோழர் உண்மையில் எப்படி உடுத்தினர் என்பதற்குச் சான்று இல்லாமலில்லை. 1931-இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்து எஸ். கே. கோவிந்தசாமி, தஞ்சைப் பெரிய கோயில் கருவறையைச் சுற்றியுள்ள இருண்ட சுற்றுப்பாதையில், நாயக்கர் காலத்துப் பூச்சுக்கு அடியில் சோழர் ஓவியங்கள் இருப்பதைக் கண்டறிந்தார். அங்கே ஆடவர் மேலாடையின்றி நிற்கின்றனர். தலைமயிரைக் கொண்டையிட்டிருக்கின்றனர். நகை உண்டு, வெல்வெட்டு இல்லை. நாற்பத்திரண்டு ஆண்டுகள் கழித்து, அரு. ராமநாதனின் நாடகத்தை ஒட்டி ஏ. பி. நாகராஜன் ‘ராஜராஜ சோழன்’ எடுத்தார். 1973-இல் தமிழின் முதல் சினிமாஸ்கோப் படமாக அது வந்தபோதும், அகன்ற அந்தத் திரையில் நடந்தவன் மேடையரசனேயன்றிச் சுவரோவியத்து அரசன் அல்லன். இதனைக் குறையென்று மட்டும் சொல்வதும் நியாயமாகாது. மேலாடையில்லாத இராசராசனை அக்கால ரசிகர்கள் ஏற்றிருப்பார்களா என்பது ஐயமே. அரண்மனைக்கோ மாதிரியே கிடையாது. சோழர் கோயிலைக் கருங்கல்லால் கட்டினர். தாம் வாழ்ந்த மாளிகையைச் செங்கல்லாலும் மரத்தாலும் கட்டினர். கங்கைகொண்ட சோழபுரத்து மாளிகைமேட்டில் இன்று காணக் கிடைப்பவை செங்கல் அடித்தளங்களே. ஆகவேதான் 2022, 2023-ஆம் ஆண்டுகளில் மணிரத்தினத்தின் ‘பொன்னியின் செல்வன்’ படங்கள் கோலாலம்பூரில் ஓடியபோதும், மத்தியப் பிரதேசத்து ஓர்ச்சாவின் அரண்மனைகள் சோழ நாட்டுக்காக நடித்தன. உடையில் மேடை வழக்கம் பெரிதும் நீங்கியிருந்தது, கட்டடத்தில் நீங்கவில்லை.

தமிழருக்கு மட்டும் நேர்ந்ததன்று இது. கட்டபொம்மனுக்கு மூன்றாண்டு முன்னர், 1956-இல், சிங்கப்பூர் ஜாலான் அம்பாஸில் இருந்த ஷா சகோதரர்களின் ஸ்டூடியோ ‘ஹங் துவா’ என்னும் வர்ணப் படத்தை வெளியிட்டது. மலாக்கா சுல்தானின் ஒப்பற்ற வீரனாக பி. ரம்லி நடித்தார். 1957-இல் பெர்லின் படவிழாவுக்கு அது சென்றது. மலாய் இனத்தின் தலையாய வீரனைப் பற்றிய அப்படத்தை இயக்கியவர் பணி மஜும்தார் என்னும் வங்காளி. கல்கத்தா நியூ தியேட்டர்ஸில் ‘ஸ்ட்ரீட் சிங்கர்’ எடுத்துப் பெயர் பெற்றவர். அவர் ஒருவரல்லர். பி. எஸ். ராஜ்ஹன்ஸ், பி. என். ராவ், எஸ். ராமநாதன், கே. எம். பாஸ்கர் என, அக்கால மலாய்ப் படங்களை இயக்கியவர்களுள் பலர் இந்தியரே. சென்னையில் பிறந்து பினாங்கில் வளர்ந்த எல். கிருஷ்ணன்தான் 1950-இல் ‘பக்தி’ என்ற படத்தில் பி. ரம்லிக்கு முதன்முதலாகக் கதாநாயகன் வேடம் கொடுத்தார். ஆகவே ஒரே ஊரில் அடுத்தடுத்த தெருக்களில் வாழ்ந்த தமிழரும் மலாய்க்காரரும் தத்தம் மூதாதையரை ஏறத்தாழ ஒரே பட்டறையில் தீட்டிய சித்திரங்களாகவே கண்டனர். பாட்டு வரும் இடமும், சபையில் நடனம் புகும் முறையும் இருமொழிப் படங்களிலும் ஒத்திருந்ததற்குக் காரணம் இதுவே.

மலாக்கா அரண்மனையும் பாஞ்சாலங்குறிச்சியைப் போலக் கண்முன் இல்லாதது. சுல்தான் மன்சூர் ஷாவின் அரண்மனை மரத்தாலானது, அடுக்கடுக்கான கூரைகளை உடையது என்று ‘செஜாரா மெலாயு’ விரிவாகச் சொல்கிறது. அது எரிந்து அழிந்ததையும் அந்நூலே கூறுகிறது. அந்த வருணனையை வைத்து 1980-களில் மலாக்காவில் ஒரு மாதிரி அரண்மனை கட்டப்பட்டு, இப்போது பொருட்காட்சிசாலையாக விளங்குகிறது. இரு இனத்தாருக்கும் படம் முன்னே வந்தது. கட்டடம் பின்னே வந்தது.

இரு படங்களுக்கும் ஒரு பெரிய வேற்றுமை உண்டு. சுல்தானின் ஆணைக்குப் பணிந்து, தனக்காகவே கலகம் செய்த உயிர்த்தோழன் ஹங் ஜெபாத்தை ஹங் துவா கொல்கிறான். படத்தின் இறுதியில், யார் பக்கம் நியாயம் என்று அவனே ஐயுற்று நிற்கிறான். பழைய நூல்களிலும் இக்கதை ஒரே வகையாக இல்லை. ‘ஹிக்காயாட் ஹங் துவா’ கொல்லப்பட்டவன் ஜெபாத் என்கிறது. ‘செஜாரா மெலாயு’ கஸ்தூரி என்கிறது. 1961-இல் ஹுசைன் ஹனிப் ‘ஹங் ஜெபாத்’ என்றே பெயரிட்டு, கலகக்காரன் பக்கம் நின்று ஒரு படம் எடுத்தார். கட்டபொம்மன் படத்தில் ஐயத்துக்கு இடமேயில்லை. எட்டப்பன் துரோகி, நாயகன் தியாகி. பின்னர்த் தமிழ்வாணன் முதலியோர் மறுத்து எழுதியதெல்லாம் ஏட்டில் நின்றதேயன்றித் திரைக்கு வரவில்லை. காட்சி அழகில் கட்டபொம்மனுக்கு முதலிடம் கொடுப்போரும், சரித்திரத்தை வினாவாக விட்ட துணிவில் மலாய்ப் படங்களுக்கே முதலிடம் கொடுக்க வேண்டும். ஹங் துவா ‘கெலிங்’ நாட்டுக்கு, அதாவது தமிழர் வாழ்ந்த தென்னிந்தியக் கரைக்கு, தூது சென்றதாக அந்த ஹிக்காயாட்டில் ஒரு பகுதி உண்டு. பிரிக்பீல்ட்ஸ் ரசிகர் எத்துணை மகிழ்ந்து பார்த்திருக்கக்கூடிய படமாயிருக்கும் அது! அப்படியொரு படத்தை இருமொழியினரும் எடுத்தாரில்லை.

எடுக்கப்படாத காட்சி இன்னுமொன்று உண்டு. முதலாம் இராசேந்திரன் 1025-ஆம் ஆண்டளவில் கடாரம் கொண்டதைத் தஞ்சைக் கல்வெட்டு கூறுகிறது. அக்கடாரம் கோலாலம்பூரிலிருந்து ஒரு நாள் பயணத்துக்குள் அடங்கும் கெடா மாநிலமே. கெடாவின் பழங்கதை ஒன்று படமாகியுள்ளது. அது கோரைப்பல் அரசனைப் பற்றிய ‘ராஜா பெர்சியோங்’. துங்கு அப்துல் ரகுமான் எழுதிய கதையை ஜமில் சூலோங் இயக்கி 1968-இல் வெளிவந்தது. ஆனால் கெடாவின் பூஜாங் பள்ளத்தாக்கில் 1930-களில் குவாரிச் வேல்ஸ் தோண்டிக் கண்ட கோயில்களின் அடித்தளங்களை எந்தச் சரித்திரப் படமும் தேடிச் செல்லவில்லை. அங்கே கோபுரமில்லை, மதிலில்லை. முழங்காலளவு உயரத்தில் செம்பாறாங்கல்லும் செங்கல்லும் சதுரமாக அடுக்கிக் கிடக்கின்றன. மேற்பகுதி மரமாதலால் மக்கிப் போயிற்று. 2013-ஆம் ஆண்டு இறுதியில், அவற்றுள் பதினொன்றாம் எண்ணிட்ட கோயிலின் அடித்தளம், நிலத்தைத் திருத்த வந்த இயந்திரங்களால் இடிக்கப்பட்டுக் கிடந்தது வெளியே தெரிந்து, நாடெங்கும் செய்தியாயிற்று.