படுகளத்து மண்ணும் நிலைப்படமும்: திருத்தணி வட்டாரத் துரியோதனன் உருவங்கள் பற்றி

முறையான சிற்பப் பயிற்சி இல்லாதவர்கள் திறந்தவெளியில் எழுப்பிய கலைவெளிகளைப் பற்றிய ஆய்வுகளில், திரௌபதி அம்மன் கோயில் விழாவில் பாரதப் போரின் முடிவை நடிக்கும் படுகளத்தில் மண்ணால் கிடத்தப்படும் துரியோதனனுக்கு இடம் இல்லை. சடங்குப் பொருள் என்று அதை ஒதுக்கிவிடுகிறார்கள். ஒதுக்கலுக்கு உண்மைக் காரணம் சடங்கு அன்று, ஒளிப்படப் பழக்கமே என்று கருதுகிறேன்.

அந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது என்பது தெளிவு. லாஸ் ஏஞ்சலிஸில் சைமன் ரோடியா 1921 முதல் 1954 வரை தனியாளாகக் கட்டிய வாட்ஸ் கோபுரங்களை இடிக்க உத்தரவு இருந்தது. 1959இல் நடந்த சுமைச் சோதனையில் தாங்கி நின்றதால் அவை தப்பின. சண்டிகரில் சாலை ஆய்வாளர் நேக் சந்த் அரசு நிலத்தில் மறைவாக அமைத்த பாறைத் தோட்டம் 1976இல் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. இவ்விரு இடங்களிலும் படம் எடுப்பது காப்பாற்றும் வேலையின் பகுதி. நிற்கும் பொருளை நிற்கும்போதே பதிவு செய்ய வேண்டியிருந்தது. அந்தத் தேவை பின்னர் இலக்கணமாகி, நிலைத்திருக்காதது கலைவெளியே ஆகாது என்றாயிற்று.

படுகளம் பற்றிய முந்தைய ஆய்வுகள் சான்றாகக் கொள்வது பெரும்பாலும் ஒரே வகைப் படம்: வண்ணம் பூசி முடித்த பேருருவம் மல்லாந்து கிடக்கிறது, கோணம் உயரத்திலிருந்து. இதை வைத்துக்கொண்டு உருவத்தைப் பாரதக் கதையின் விளக்கச் சித்திரமாக வாசித்தார்கள். அந்தக் கோணத்தில் அதன் உறுப்பளவுகள் பிசகியவையாகத் தோன்றலாம். ஆனால் களத்தில் கூடியிருப்போர் பெரும்பாலோர் அந்த உயரத்திலிருந்து அதைப் பார்ப்பதில்லை. பீமனும் துரியோதனனுமாக வேடமிட்ட கூத்தர்கள் அதைச் சுற்றியும் அதன்மேல் ஏறியும் ஓடிச் சண்டையிடுகிறார்கள். தொடையில் செந்நீர்க் கலம் ஒன்று புதைந்திருக்கிறது. மார்பு ஓடும் கால்களைத் தாங்க வேண்டும். தொடையோ கதாயுதம் பட்டதும் உடைய வேண்டும். செய்தவரின் திறன் முகத்து வண்ணத்தைவிட இந்த வேறுபாட்டில்தான் தெரிகிறது என்பேன். மேலிருந்து எடுத்த நிலைப்படத்தில் மார்பும் தொடையும் ஒரே மண்ணாகத்தான் தெரியும்.

தொடை பிளந்ததும் திரௌபதி அந்தச் செந்நீர் தொட்டுக் கூந்தல் முடிக்கிறாள். பல ஊர்களில் மக்கள் உருவத்தின் மண்ணை அள்ளி வீட்டுக்குக் கொண்டுபோகிறார்கள். மாலையில் தீமிதி. இந்த வரிசை ஊருக்கு ஊர் மாறும். எல்லாக் கோயில்களுக்கும் இதைப் பொதுவாக்க முடியாது. ஆயினும் ஒன்றை உறுதியாகச் சொல்லலாம். இங்கே அழிவு இழப்பு அன்று, செய்முறையின் கடைசிப் படி. ஆகவே முடிந்த உருவத்தை மட்டும் காட்டும் படம் பாதி வேலையில் எடுத்த படமே. மண் வெட்டுவதிலிருந்து தொடங்கி, நின்ற இடம் மாறாமல், ஆள் நிற்கும் உயரத்தில், மண் அள்ளி முடியும்வரை எடுக்கப்படும் தொடர்தான் சான்றாக நிற்கும். மண் குழைத்தவர்களும் வண்ணம் பூசியவர்களும் அதில் இருக்க வேண்டும். அவர்களை ஒதுக்கிவிட்டு வெறும் உருவத்தை எடுப்பது, ‘செய்தவர் பெயர் இல்லாத மரபு’ என்ற முடிவை முன்கூட்டியே எழுதிவைப்பதாகும்.

இது மரபுவழி வந்ததாயிற்றே, தானே கற்றவர் கலை எப்படி ஆகும் என்று கேட்கலாம். மரபு கிடையையும் கதையையும் தருகிறது. மீசையின் வளைவையும் விழியின் உருட்டலையும் தருவதில்லை. ஸ்தபதியின் உறுப்பளவுத் தாளக் கணக்கும் இங்கே வருவதில்லை. இதற்குமேல் அந்தக் கேள்விக்கு வலு இல்லை.

திருத்தணி வட்டாரப் பதிவைத் தமிழகப் பக்கத்தோடு நிறுத்துவதும் தவறு. திருத்தணி 1960 ஏப்ரல் 1 அன்றுதான் ஆந்திரத்தின் சித்தூர் மாவட்டத்திலிருந்து சென்னை மாநிலத்தில் சேர்ந்தது. சித்தூர்ப் பக்கத்தில் பாரத விழா நடக்கும் தர்மராஜா கோயில்களிலும் துரியோதனன் மண்ணில் கிடக்கிறான். எல்லைக்கு இப்பால் எடுக்கும் தொடருக்கு அப்பாலும் ஓர் இணைத்தொடர் எடுத்து, செய்தவர்களிடம் தெலுங்கிலும் கேட்டுப் பதிந்தால்தான் எது வட்டாரப் பொதுமை, எது ஒருவர் கைவண்ணம் என்று பிரித்துச் சொல்ல முடியும்.