காப்பிக் கொட்டை குடிபோன வீடுகள்

சேலத்தில் காப்பிப் பொடி அரைத்துக் கொடுக்கும் கடை வாசலில் நின்றால் மூன்று சொற்கள் காதில் விழும்: பிளான்டேஷன் ஏ, பீபரி, செரி. இதில் பாதி, அதில் பாதி, சிக்கரி இவ்வளவு என்று கேட்டு வாங்கிக்கொண்டு போகிறோம். நானும் பல வருஷம் அவற்றைச் சுவையின் பெயர்கள் என்றுதான் நினைத்திருந்தேன். ஏற்காட்டுக்கு அடிக்கடி ஏறி இறங்கத் தொடங்கிய பிறகுதான், கொட்டை எந்த வீட்டு வாசலிலிருந்து புறப்பட்டது என்பதையும் அந்தப் பெயர்கள் சொல்கின்றன என்று புரிந்தது.

முதல் வீடு கிரேன்ஜ். திப்பு சுல்தானுடன் 1792இல் செய்த உடன்படிக்கையில் சேலமும் பாராமகாலும் கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்கு வந்தன. அதற்கு ஒரு தலைமுறை கழித்து, 1820 முதல் 1829 வரை, சேலம் கலெக்டராக இருந்தவர் எம். டி. காக்பர்ன். வெயில் தாங்காமல் மலையேறிய ஸ்காட்லாந்துக்காரர். ஏரியும் காடுமாக இருந்ததால் ஏற்காடு என்று பெயர் பெற்ற ஊரில் அவருக்கு ஒரு வீடு எழும்பியது. அந்த வீட்டைச் சுற்றித்தான் காப்பிச் செடியும் பேரி, ஆப்பிள் கன்றுகளும் முதலில் நடப்பட்டன. ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலையில் காப்பி பிறந்தது ஒரு துரை வீட்டுத் தோட்டத்துப் பூச்செடியைப் போல. விற்பதற்கு என்று யாரும் அப்போது நினைத்திருக்க மாட்டார்கள். பின்னாளில் கோத்தகிரிப் பக்கம் போய்க் காப்பி வைத்ததும் இதே காக்பர்ன் குடும்பம்தான்.

ஆனால் மலை அப்போது காலியாக இல்லை. சேலநாடு, மோகநாடு, முட்டநாடு என்று மலையை மூன்று நாடாகப் பிரித்துக்கொண்டு மலையாளிகள் வாழ்ந்தார்கள். மலையை ஆள்பவர்கள் என்பதால் அந்தப் பெயர். கேரளத்துக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. காஞ்சிபுரத்திலிருந்து வந்தவர்கள் என்பது அவர்களுடைய வாய்வழிக் கதை. மண்வெட்டியால் கொத்தி விதைக்கும் சரிவுக்குக் கொத்துக்காடு, ஏர் பூட்ட முடிந்த இடத்துக்கு உழவுக்காடு. சாமை, தினை, கேழ்வரகு விளைந்தன. மலையுச்சியில், 5,300 அடிக்கு மேலே, குனிந்து நுழைய வேண்டிய குகைக்குள் சேர்வராயனும் பக்கத்தில் காவேரியம்மனும் இருக்கிறார்கள். வருஷா வருஷம் மே மாதத் திருவிழாவுக்கு மலையே அங்கே திரளும். ஆங்கிலேயர் அந்தச் சாமியின் பெயரைத்தான் ஷெவராய் என்று வாய்க்கு வந்தபடி எழுதி, மலைக்கே பெயராக்கிக்கொண்டார்கள்.

காக்பர்னின் தோட்டத்துச் செடியைத் தோட்டப் பயிராக மாற்றியவர் ஜி. எஃப். ஃபிஷர். இந்த மனிதரிடம் நான் கொஞ்சம் நின்றுபோகிறேன், ஏனென்றால் ஏற்காட்டின் முழுக் கதையும் இவருடைய இரண்டு சொத்துகளுக்கு நடுவில் இருக்கிறது. கீழே சமவெளியில் சேலம் ஜமீனுக்கு அவர் ஜமீன்தார். மேலே மலையில் காப்பித் தோட்டக்காரர். இரண்டுக்கும் அரசாங்கத் தாளில் ஒரே பெயர்: எஸ்டேட். கீழ் எஸ்டேட்டில் குடியானவன் உழுதான், வாரமோ வரியோ கட்டினான், தலைமுறைகளாக அதே நிலத்தில் கால் ஊன்றியிருந்தான். மேல் எஸ்டேட்டில் குடியானவன் என்று ஒருவரே கிடையாது. ஆள்தான் உண்டு, ஆளுக்குக் கூலி உண்டு, கூலிக்கு முன்னால் முன்பணம் உண்டு.

கொட்டை பணமாகத் தொடங்கியதும் மலைச்சரிவுகளில் பங்களாக்கள் எழுந்தன. உயரமான ஓட்டுக் கூரை, குளிருக்குக் கணப்பு, நீண்ட தாழ்வாரம், முன்னால் புல்வெளி, வண்டிப்பாதை. அவரவர் விட்டுவந்த ஊரின் ஏக்கத்தைப் பெயராக எழுதி வைத்தார்கள். ஆர்தர்ஸ் சீட் என்று இங்கே ஒரு மலைமுனை இருக்கிறது. எடின்பரோவில் உள்ள குன்றுக்கும் அதே பெயர்தான். 1857 கலகத்தின்போது கிரேன்ஜைக் கோட்டைபோலப் பலப்படுத்தி, பீரங்கி ஏற்றி, நிலவறையில் ஆறு மாத உணவைச் சேர்த்து வைத்தார்கள் என்று மலையில் சொல்வார்கள். கலகம் இந்தப் பக்கம் வரவே இல்லை.

பங்களாவாசிகள் எல்லோரும் காப்பித் துரைகள் அல்ல. யாழ்ப்பாணத்தில் ஆறுமுக நாவலரைத் துணையாகக் கொண்டு பைபிளைத் தமிழாக்கியவரும், ஆயிரக்கணக்கான தமிழ்ப் பழமொழிகளைத் திரட்டி அச்சேற்றியவருமான பீட்டர் பெர்சிவல், 1882இல் கண்மூடியது ஏற்காட்டில். அவருடைய மருமகன் ராபர்ட் புரூஸ் ஃபூட். 1863 மே 30 அன்று பல்லாவரத்தில் பழைய கற்காலக் கருவியைக் கண்டெடுத்து, இந்திய மனிதனின் வயதைப் பல்லாயிரம் ஆண்டுகள் பின்னுக்குத் தள்ளியவர். அவரும் ஓய்வுக்காலத்தில் இங்கே வீடு வைத்திருந்தார். 1912இல் கல்கத்தாவில் இறந்தபோது, சாம்பலை ஏற்காட்டு ஹோலி டிரினிட்டி தேவாலயத்துக்குக் கொண்டுவந்து புதைத்தார்கள். அந்தக் கல்லறைத் தோட்டத்தில் நிற்கும்போதெல்லாம் இந்த இருவர்மேலும் எனக்கு மரியாதை பெருகும். ஒருவர் நம் வாய்ச்சொல்லைப் பொறுக்கினார், மற்றவர் நம் மண்ணில் கிடந்த கல்லைப் பொறுக்கினார். காப்பி பொறுக்கியவர்களுக்கு அங்கே கல் ஏதும் இல்லை.

கொட்டை எப்படி வீடு மாறுகிறது என்பதைப் பார்க்கக் கார்த்திகைக்கும் தைக்கும் நடுவில் போக வேண்டும். அதற்குமுன் பங்குனி, சித்திரையில் ஒரு மழை பெய்திருக்கும். அதற்குப் பூ மழை என்று பெயர். பெய்த எட்டு, பத்து நாளில் மலை முழுக்க ஒரே சமயத்தில் வெள்ளை பூக்கும். மல்லிகையைப் போன்ற வாசனை இரண்டு மூன்று நாள் நிற்கும், அவ்வளவுதான். அந்த மழை தவறினால் அந்த வருஷமே தவறியது. பூ காயாகி, காய் சிவக்க எட்டு, ஒன்பது மாதம். பிறகு இடுப்பில் பை கட்டிக்கொண்டு பெண்கள் செடிக்குள் நுழைவார்கள். கிளையில் பச்சையும் சிவப்பும் கலந்து இருக்கும். சிவந்ததை மட்டும் விரலால் திருகி எடுக்க வேண்டும். அதே செடிக்கு மூன்று, நான்கு முறை திரும்ப வர வேண்டும். பனி ஈரத்தில் காலையிலேயே புடவை நனைந்துவிடும், அட்டை ஏறும். சாயங்காலம் எடை. ஏறத்தாழ ஆறு கிலோ பழம் சேர்ந்தால்தான் ஒரு கிலோ சுத்தமான கொட்டை கிடைக்கும். நாம் கடையில் சாவகாசமாக வாங்கும் கால் கிலோவுக்குப் பின்னால் ஒரு பெண்ணின் விரல்கள் எத்தனை முறை மடங்கின என்று கணக்குப் போட்டுப் பார்த்தால் டம்ளர் கனக்கும்.

எடை போட்ட பழம் அன்று இரவுக்குள் பல்ப்பர் கொட்டகைக்குப் போய்விட வேண்டும். தோல் உரிந்து, வழவழப்போடு தொட்டியில் ஒரு நாளுக்குமேல் புளித்து, ஓடும் தண்ணீரில் கழுவப்பட்டு, மெல்லிய உமி போர்த்திய கொட்டையாகக் களத்தில் காயும். பழத்துக்குள் இரட்டையாக வளரும் கொட்டை ஒருபக்கம் தட்டை; எப்போதாவது ஒன்றே ஒன்று உருண்டு வளர்ந்தால் அதுதான் பீபரி. தண்ணீர் வசதியும் இயந்திரமும் களமும் உள்ள இடத்தில்தான் இந்தக் கழுவல் நடக்கும். அப்படிக் கழுவிக் காய்ந்த அராபிகாவுக்கு வியாபாரத்தில் பிளான்டேஷன் என்று பெயர். கடைப்பலகையில் இருக்கும் முதல் சொல் இது.

ஆரம்பத்தில் மூட்டைகள் மனிதத் தலையிலும் மாட்டு முதுகிலும் இறங்கின. 1862இல் சென்னையிலிருந்து பேப்பூர் வரை ரயில் பாதை முழுமையானபோது சேலம் அதன் வழியில் இருந்தது. அதற்கு ஒரு வருஷம் முன்னால், 1861இல், ராபர்ட் ஸ்டேன்ஸ் கோயம்புத்தூரில் காப்பி பதப்படுத்தும் தொழிலைத் தொடங்கியிருந்தார். உமி நீக்கித் தரம் பிரிக்கும் இத்தகைய ஆலைகளின் வழியாகத் தென்னிந்தியக் கொட்டை துறைமுகத்துக்கும் லண்டனுக்கும் போனது. பங்களாவின் கணப்புக்கும் புல்வெளிக்கும் ஆன செலவு அங்கிருந்து திரும்பி வந்தது.

பறித்தவர்கள் எப்படி வந்தார்கள்? ஆள் திரட்டும் கங்காணியின் முன்பணத்தோடு. சேலம், தர்மபுரிப் பக்கத்து வறண்ட ஊர்களில் நிலமில்லாதவர்கள், பெரும்பாலும் ஒடுக்கப்பட்ட சாதிகளைச் சேர்ந்த குடும்பங்கள், பெண்டு பிள்ளைகளோடு ஏறினார்கள். 1876–78 தாது வருஷப் பஞ்சம் சேலம் ஜில்லாவைக் கொடுமையாக வாட்டிய காலத்தில் மலை என்பது வயிற்றுக்கு வழி. வாங்கிய முன்பணத்துக்கு வேலை செய்யாமல் போனால் 1859ஆம் வருஷச் சட்டம் ஒன்று இருந்தது. மாஜிஸ்திரேட் மூன்று மாதம்வரை கடுங்காவல் கொடுக்கலாம். கடன் வாங்கியவனைக் குற்றவாளியாக்கிய அந்தச் சட்டத்தை ரத்து செய்ய 1925 ஆனது. அறுபத்தாறு வருஷம்! தங்குவதற்கு லைன் வீடு: ஒரே கூரைக்குக் கீழே வரிசையாக அறைகள், முன்னால் ஒரு குறுகிய திண்ணை. பங்களாவுக்குப் பெயர், லைன் வீட்டுக்கு எண்.

அயர்லாந்தின் நிலக்கிழார் பண்ணைகளைப் பற்றிப் படித்தபோது, குடியானவனுக்கும் கூலியாளுக்கும் உள்ள வித்தியாசம் எனக்கு இன்னும் உறைத்தது. அங்கேயும் பெரிய மாளிகை, சுற்றிலும் குத்தகைக் குடிகள்; 1845இல் தொடங்கிய உருளைக்கிழங்குப் பஞ்சம்; வாடகை பாக்கிக்காகக் குடிசையை இடித்து வெளியேற்றிய கொடுமை. ஆனால் அந்தக் குடிகளிடம் ஒன்று இருந்தது. நிலத்தோடு அவர்களுக்கு ஓர் உறவு இருந்தது, அதற்குக் குத்தகை என்று பெயர் இருந்தது, அந்தப் பெயரைப் பிடித்துக்கொண்டு போராட முடிந்தது. 1903 நிலச் சட்டம் வந்தபோது அரசாங்கக் கடனில் அவர்கள் உழுத நிலத்தை அவர்களே வாங்கினார்கள். இருபது வருஷத்துக்குள், விடுதலைப் போரிலும் உள்நாட்டுப் போரிலும், மாளிகைகள் பல தீக்கிரையாயின.

ஏற்காட்டில் எந்தப் பங்களாவும் எரியவில்லை. விற்கப்பட்டன. சுதந்திரத்தை ஒட்டித் துரைமார் கப்பலேற, தமிழ் வணிகக் குடும்பங்கள் தோட்டங்களை வாங்கின. 1948இல் எஸ்டேட் ஒழிப்புச் சட்டம் வந்தது. ஆனால் அந்தச் சட்டம் சொன்ன எஸ்டேட் ஜமீன் வகை மட்டும். சமவெளிக் குடியானவன் பட்டாதாரர் ஆனான். அதே பெயர் தாங்கிய மலை எஸ்டேட்டை அந்தச் சட்டம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. 1961இல் தமிழ்நாட்டு நில உச்சவரம்புச் சட்டம் வந்தபோதும் காப்பித் தோட்டங்களுக்கு விலக்கு. தோட்டத்தைத் துண்டு போட்டால் பல்ப்பரும் களமும் என்னாகும் என்று கேட்பதில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனாலும் ஃபிஷரின் இரண்டு எஸ்டேட்டுகளை மனதில் வைத்துப் பார்க்கிறபோது, கீழே உழுதவனின் பேரனுக்குக் காலடி மண்ணும் மேலே பறித்தவளின் பேத்திக்கு ஓர் எண்ணும் கிடைத்ததை என்னால் சாதாரணமாக ஏற்க முடிவதில்லை.

1951 தோட்டத் தொழிலாளர் சட்டம் வீடும் மருத்துவமும் கொடுப்பது முதலாளியின் கடமை என்றது. லைன் வீடுகளுக்குச் சுவரும் கூரையும் கொஞ்சம் நல்லதாக அமைந்ததற்கு அதுவும் ஒரு காரணம். ஆனால் அந்த வீடு, தோட்டத்து ஆள்கணக்கான செக்ரோலில் இருக்கும் பெயரோடு பிணைக்கப்பட்டது. பெயர் செக்ரோலிலிருந்து இறங்கும் நாளில், முப்பது வருஷம் அடுப்பு எரிந்த வீட்டிலிருந்து சட்டி பானையும் இறங்க வேண்டும். மகளோ மருமகளோ அதே தோட்டத்தில் பேர் கொடுத்தால்தான் பாட்டி அங்கே படுத்துறங்கலாம்.

கொட்டைக்கும் இதற்கிடையில் முதலாளி மாறியது. இரண்டாம் உலகப் போரில் ஐரோப்பியச் சந்தை அடைபட்டபோது, 1942இல் காப்பி வாரியம் உருவானது. எல்லாத் தோட்டத்துக் கொட்டையையும் ஒன்றாகச் சேர்த்து விற்ற அந்த முறை 1996 வரை நீடித்தது. லண்டனை நம்பிய பயிர் நம் ஊர்ப் பித்தளை பில்டருக்குள் நிரந்தரமாகக் குடியேறியதில் போருக்கும் ஒரு பங்கு உண்டு.

இப்போது பல பங்களாக்கள் விடுதிகள். கணப்பும் தாழ்வாரமும் துடைத்துப் பளபளக்க, விருந்தினருக்கு வீட்டின் வரலாறு சட்டம் போட்டு மாட்டியிருக்கிறது. அந்த வரலாற்றில் கட்டியவர், வாங்கியவர், தங்கிப்போன பெரிய மனிதர் எல்லோரும் உண்டு. பல்ப்பர் கொட்டகைக்குத் தண்ணீர் திருப்பியவர், பழம் எடுத்தவர் யாரும் இல்லை. செக்ரோல் பழைய பேரேடுகள் எங்காவது அலமாரியில் இருந்தால், கரையான் முந்துவதற்குள் யாராவது எடுத்துப் படி எடுத்து வைக்க வேண்டும். அந்தப் பெயர்கள் வேறு எங்கேயும் எழுதப்படவில்லை.

இன்னும் ஒரு வீடு பாக்கி இருக்கிறது. துரைவீட்டுச் செடி எப்படியோ வேலி தாண்டிவிட்டது. சாமை விளைந்த சரிவுகளில் இன்று மலையாளிகள் தங்கள் சொந்த நிலத்தில் காப்பி வைத்திருக்கிறார்கள், சவுக்கு மரத்தைப் போல ஓங்கி நிற்கும் சில்வர் ஓக்கில் மிளகுக் கொடி ஏற்றியிருக்கிறார்கள். பல்ப்பரோ கழுவும் தொட்டியோ பலரிடம் கிடையாது. அதனால் பழத்தைத் தோலோடு அப்படியே வாசலில் கொட்டிக் காயவைக்கிறார்கள். சிவப்பு கறுத்து, கறுப்பு சுருங்கி, கையில் எடுத்து உலுக்கினால் உள்ளே கொட்டை சலசலக்கும். அப்படிக் காய்ந்ததற்குத்தான் செரி என்று பெயர். விலை பிளான்டேஷனைவிடக் குறைவு.

போன தை மாதம் ஒரு மலைக்கிராமத்தில் பார்த்தேன். வாசல் முழுக்கக் கறுத்த பழம். ஓர் அம்மா காலாலேயே துழாவிப் புரட்டிக்கொண்டு வந்தார், ஏர் ஓட்டினதுபோல வரிவரியாகத் தடம் விழுந்தது. மேகம் இருட்டியதும் வீட்டிலிருந்து பிள்ளைகள் ஓடிவந்து தார்ப்பாயின் நான்கு மூலையையும் பிடித்தார்கள். நானும் ஒரு மூலையைப் பிடித்தேன். தூறல் தொடங்குவதற்குள் அவ்வளவையும் வீட்டுக்குள்ளேயே, படுக்கிற இடத்துக்குப் பக்கத்திலேயே, குவித்துவிட்டார்கள்.