பொய் வருத்தமும் மெய் வருத்தமும்



கொஞ்சம் நீளமான பதிவு. தேத்தண்ணி ஒன்றை ஊற்றிக்கொண்டு ஆறுதலாக வாசியுங்கள்.

போன மாதம் வரலாற்றுப் பாடத்தில் நுவரெலியா நகரம் உருவான கதையைச் சொல்லிக்கொண்டிருந்தோம். பின்வரிசையில் இருந்த ஒரு மாணவன் எழுந்து, பாடத்துக்குச் சம்பந்தமில்லாத மாதிரி ஒரு கேள்வி கேட்டான்.

"சேர், வயித்து வலின்னு பொய் சொல்லி ஹோட்டல்ல காசு வாங்கலாமா? அதுக்கு சட்டம் இருக்கா?"

பிறகுதான் விபரம் தெரிந்தது. அவனுடைய அண்ணன் ஒரு ஹோட்டல் சமையலறையில் வேலை செய்கிறார். மூன்று நாள் தங்கிய ஒரு குடும்பம் கணக்கு முடிக்கும் நேரத்தில், சாப்பாட்டால் வயிறு கெட்டுவிட்டது, பணம் தரமாட்டோம், இணையத்திலும் எழுதுவோம் என்று சொல்லியிருக்கிறது. அதே சாப்பாட்டைச் சாப்பிட்ட மற்றவர்களுக்கு ஒன்றும் இல்லை. நிர்வாகம் பயந்து கணக்கைத் தள்ளுபடி செய்துவிட்டு, சமையலறைப் பொடியன்களைக் கூப்பிட்டு ஏசியிருக்கிறது. அந்த மாதம் சேர்விஸ் சார்ஜும் குறைந்து போனதாம். அந்தக் குடும்பத்துக்கு உண்மையிலேயே சுகமில்லையா, நடிப்பா என்று அண்ணனுக்கு இன்றுவரை தெரியாது.

வகுப்பில் அரைகுறையாகத்தான் பதில் சொன்னோம். முழுப் பதிலை இங்கே எழுதுகிறோம். உண்மையில் அந்தக் கேள்வி பாடத்துக்கு வெளியே இருக்கவில்லை.

முதலில் எங்கள் மலையிலிருந்து தொடங்குவோம். நுவரெலியா ஒரு "சுகயீன விடுமுறை" நகரமாகத்தான் பிறந்தது. 1819இல் ஜோன் டேவி என்ற ஆங்கிலேய இராணுவ வைத்தியர் அந்தச் சமவெளிக்கு வந்து அதன் குளிரையும் காற்றையும் பற்றி எழுதினார். பிறகு ஆளுநர் எட்வர்ட் பார்ன்ஸ், காய்ச்சலில் படுத்த வெள்ளைக்காரச் சிப்பாய்களும் அதிகாரிகளும் உடம்பைத் தேற்றிக்கொள்ளும் இடமாக 1820களின் இறுதியில் அதை மாற்றினார். அவர் கட்டிய வீடுதான் பிற்காலத்தில் கிராண்ட் ஹோட்டலாக வளர்ந்தது. 1840களில் சாமுவேல் பேக்கர் காய்ச்சலோடு வந்து சில நாட்களில் தேறினார். ஊர் பிடித்துப்போக, 1848இல் குடும்பத்தோடும் ஆட்களோடும் திரும்பி வந்து குடியேறினார். 1885இல் ரயில் நானுஓயாவை எட்டியதும் நோயாளிகளை விட விடுமுறைக்காரர்கள் கூடிவிட்டார்கள்.

இதில் ஒன்றைக் கவனியுங்கள். ஒரு அதிகாரி "உடம்பு சரியில்லை, மலைக்குப் போகிறேன்" என்றால் அது கௌரவமான காரணமாக இருந்தது.

அதே மலையில், அதே நூற்றாண்டில், நம் தோட்டத்துப் பாட்டன் பூட்டன்கள் "சுகமில்லை" என்று சொன்னபோது என்ன நடந்தது? காலையில் பெரட்டுக்களத்தில் நிற்கவேண்டும். வராவிட்டால் பேர் இல்லை. 1865ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கத் தொழிற் சட்டப்படி, தகுந்த காரணமின்றி வேலைக்கு வராத கூலிக்குச் சிறைத்தண்டனையே கிடைக்கலாம். காரணம் தகுந்ததா இல்லையா என்று முதலில் தீர்மானிப்பவர் வைத்தியரல்ல. கங்காணியும் கணக்கப்பிள்ளையும் துரையும்தான். காய்ச்சலா கள்ளமா என்று லயத்து வாசலில் நின்று முகத்தைப் பார்த்து முடிவு செய்தார்கள்.

1872இல் தோட்டத் தொழிலாளருக்கான மருத்துவத் தேவைகள் சட்டம் வந்தது. 1880களின் தொடக்கத்தில் அது திருத்தப்பட்டது. மாவட்ட வைத்தியசாலைகளும் டிஸ்பென்சரிகளும் மெல்ல மெல்ல வந்தன. ஆனால் சந்தேகம் போகவில்லை. "இந்தக் கூலிகள் சோம்பேறிகள், வருத்தம் என்று நடிப்பவர்கள்" என்ற பேச்சு துரைமாரிடம் நெடுங்காலம் இருந்தது.

அந்தப் பேச்சுக்கு விஞ்ஞானம் கொடுத்த பதிலை எங்கள் பிள்ளைகள் கட்டாயம் அறியவேண்டும். 1916இல் அமெரிக்காவின் ரொக்பெல்லர் நிறுவனத்தின் உதவியோடு இலங்கைத் தோட்டங்களில் கொக்கிப்புழு ஒழிப்பு வேலை தொடங்கியது. பரிசோதித்துப் பார்த்தபோது தொழிலாளரில் மிகப் பெரும்பாலானோரின் குடலில் அந்தப் புழு இருந்தது. கொக்கிப்புழு இரத்தத்தை உறிஞ்சும். ஆள் வெளிறிப்போவான், மூச்சு வாங்கும், மலை ஏற முடியாது. படுக்கையில் விழும் நோயல்ல, ஆனால் உடம்பில் பலமே இருக்காது. செருப்பில்லாத கால், மலசலகூடம் இல்லாத லயம், இரண்டும் சேர்ந்து அந்தப் புழுவை வளர்த்தன. "சோம்பல்" என்று எழுதி வைத்தவற்றில் எத்தனையோ புழு தின்ற இரத்தமாக இருந்திருக்கும். பொய் என்று நினைத்தது மெய்.

இனி மாணவனின் கேள்விக்கு வருவோம். வருத்தம் என்று பொய் சொல்லிக் காசு வாங்க முடியுமா? முடிந்தது. பிரித்தானியாவில் சில வருடங்கள் அது ஒரு தொழிலாகவே நடந்தது.

அங்கே 1992இல் ஒரு நல்ல சட்டம் வந்தது. விமானம், ஹோட்டல், சாப்பாடு எல்லாம் சேர்த்து ஒரே தொகுதியாகப் பயணத்தை விற்கும் நிறுவனம், வெளிநாட்டு ஹோட்டலில் நடக்கும் தவறுக்கும் பொறுப்பேற்கவேண்டும். கெட்ட சாப்பாட்டால் ஒருவர் ஸ்பெயினில் நோயுற்றால், மொழி தெரியாத ஊரில் வழக்குப் பேசத் தேவையில்லை. தன் நாட்டிலேயே பயண நிறுவனத்திடம் நட்டஈடு கேட்கலாம். உண்மையான நோயாளியைக் காப்பாற்ற வந்த சட்டம் அது.

பிறகு 2013 அளவில், வாகன விபத்து வழக்குகளில் கழுத்து வலி என்று பொய் சொல்லிப் பணம் பறிப்பதைத் தடுக்க அரசாங்கம் இறுக்கியது. சட்டத்தரணிகள் அந்த வழக்குகளில் அறவிடக்கூடிய கட்டணத்துக்கு வரம்பு வந்தது. ஆனால் வெளிநாட்டில் நேர்ந்த சுகயீனத்துக்கு அந்த வரம்பு இல்லை. தண்ணீர் பள்ளத்தைத் தேடிப் போகும் என்பார்கள். கழுத்து வலியில் உழைத்த இடைத்தரகர்கள் வயிற்று வலிக்கு மாறினார்கள். விடுமுறை இடங்களில் ஹோட்டல் வாசலிலும் கடற்கரையிலும் நின்று, "வயிறு ஏதும் சரியில்லாமல் போனதா? பணம் எடுத்துத் தருகிறோம், உங்களுக்குச் செலவே இல்லை" என்று கேட்டார்கள். வீட்டுக்குத் திரும்பியவர்களுக்கும் தொலைபேசி அழைப்புகள் வந்தன. மருந்துக்கடையில் வயிற்றோட்ட மாத்திரை வாங்கிய பற்றுச்சீட்டுகூட ஆதாரமாகக் காட்டப்பட்டது.

2013இல் ஏறத்தாழ 5,000 ஆக இருந்த இத்தகைய கோரிக்கைகள் 2016இல் ஏறத்தாழ 35,000 ஆயின. அதே ஹோட்டல்களில் அதே மேசையில் சாப்பிட்ட மற்ற ஐரோப்பிய நாட்டவரிடமிருந்து இப்படி ஒரு அதிகரிப்பு வரவில்லை. வயிறு எல்லோருக்கும் ஒன்றுதான், சட்டத்தில் இருந்த ஓட்டைதான் வேறு.

பயண நிறுவனங்கள் பல வழக்குகளைப் பேசாமல் தீர்த்தன. நீதிமன்றம் போனால் சட்டச் செலவு நட்டஈட்டை விடக் கூட. கொடுத்த பணத்தை ஹோட்டல்களின் கணக்கில் கழித்தன. ஸ்பானிய ஹோட்டல்காரர்கள் கொதித்தார்கள். எல்லாச் சாப்பாடும் அடங்கிய தொகுதியைப் பிரித்தானியருக்கு நிறுத்துவோம் என்றார்கள் சிலர். 2017இல் மஜோர்க்காத் தீவில் சில பிரித்தானியர்களை ஸ்பானியப் பொலிஸ் கைது செய்தது.

அதே ஆண்டு ஒக்டோபரில் லிவர்பூல் நீதிமன்றத்தில் ஒரு தம்பதி மாட்டிக்கொண்டது. 2015இலும் 2016இலும் மஜோர்க்காவில் குடும்பமே நோயுற்றதாகச் சொல்லி நட்டஈடு கேட்டிருந்தார்கள். அதே நாட்களில் அவர்கள் சமூக வலைத்தளத்தில் போட்ட மகிழ்ச்சிப் பதிவுகளே அவர்களுக்கு எதிரான சாட்சியாயின. தோமஸ் குக் நிறுவனம் தானே தொடுத்த வழக்கு அது. ஒருவருக்கு 15 மாதமும் மற்றவருக்கு 9 மாதமும் சிறை. 2018 மே மாதத்தில் அரசாங்கம் வெளிநாட்டுச் சுகயீன வழக்குகளுக்கும் கட்டண வரம்பைக் கொண்டுவந்தது. ஓட்டை அடைபட்டது.

1841இல் தொடங்கிய அந்தத் தோமஸ் குக் 2019 செப்டெம்பர் 23ஆம் திகதி விழுந்தது. ஒன்றரை இலட்சம் பிரித்தானியப் பயணிகளை அரசாங்கம் திருப்பி அழைத்துவர வேண்டியதாயிற்று. பொய் வயிற்று வலிதான் அதை வீழ்த்தியது என்று சொன்னால் அது வரலாறாகாது. பெரும் கடன் சுமைதான் முக்கிய காரணம். ஆனால் அந்த நிறுவனம் திணறிக்கொண்டிருந்த வருடங்களில் அதன் சட்டைப்பையில் விழுந்த கைகளில் இதுவும் ஒன்று.

மறுபக்கமும் உண்டு. நேபாளத்தில் ஏமாற்றியது பயணியல்ல. மலையேற வந்தவர்களுக்குச் சிறிய தலையிடி வந்தாலும் பெரிய ஆபத்து என்று பயமுறுத்தி, ஹெலிகொப்டரில் ஏற்றி, காப்புறுதி நிறுவனங்களிடம் பெருந்தொகை அறவிட்ட கூட்டம் ஒன்று 2018இல் அம்பலமானது. சில வழிகாட்டிகள் சாப்பாட்டில் அப்பச்சோடாவைக் கலந்து வயிற்றோட்டம் வரச் செய்ததாகவும் குற்றம் சாட்டப்பட்டது. அரசாங்கம் விசாரணை நடத்தியது. நேபாளத்துக்குக் காப்புறுதியே தரமாட்டோம் என்று வெளிநாட்டு நிறுவனங்கள் எச்சரித்தன. நேர்மையாகச் சுமை தூக்கிய ஆயிரக்கணக்கான ஏழைகளின் பிழைப்பு அந்தச் சிலரால் ஆட்டம் கண்டது.

இது நமக்கு எதற்கு என்று கேட்கலாம். 2018இல் இலங்கைக்கு 23 இலட்சத்துக்கும் அதிகமான உல்லாசப் பயணிகள் வந்தார்கள். 2021இல் 2 இலட்சம்கூட வரவில்லை. 2024இல்தான் மீண்டும் 20 இலட்சத்தைத் தாண்டியது. இந்த ஏற்ற இறக்கம் எங்கள் வகுப்பறையில் தெரியும். அண்ணனுக்கு ஹோட்டலில் வேலை இருந்தால் தம்பிக்குப் புதுச் சப்பாத்து வரும். டயகமவிலிருந்தும் ஹோல்புறூக்கிலிருந்தும் எத்தனை பிள்ளைகள் நுவரெலியாவில் கட்டில் விரிக்கிறார்கள், கோப்பை கழுவுகிறார்கள் என்று நீங்கள் அறிவீர்கள். எங்கோ ஒருவர் சொல்லும் பொய்க்கான கணக்கு கடைசியில் அவர்களிடம்தான் வந்து நிற்கிறது.

இந்த இடத்தில் எங்களையும் நாங்கள் பார்க்கவேண்டும். "ஒரு மெடிக்கல் போட்டால் சரி" என்று சிரித்துப் பேசாத ஆசிரியர் ஓய்வறை இந்த நாட்டில் இருக்கிறதா? 2024 ஜூன் 26ஆம் திகதி நாங்கள் தீவு முழுவதும் சுகயீன விடுமுறைப் போராட்டம் செய்தோம். அது வெளிப்படையாகச் சொல்லிச் செய்த தொழிற்சங்கப் போராட்டம், அதன் கோரிக்கை நியாயமானது. ஆனால் கல்யாண வீட்டுக்குப் போக எடுக்கும் மெடிக்கல் அப்படியல்ல. அது போதாதா, அடுத்த வாரம் உண்மையிலேயே காய்ச்சலில் விழும் சக ஆசிரியையை அதிபர் சந்தேகத்தோடு பார்க்க?

ஒரு சிலரின் செயலுக்காக எல்லோரும் சந்தேகிக்கப்படுவது எப்படி இருக்கும் என்று முஸ்லிம்களாகிய எங்களுக்கு 2019 ஏப்ரலுக்குப் பிறகு நன்றாகத் தெரியும். பஸ்ஸில் பையைத் திறந்து காட்டிய நாட்கள் அவை. தெரிந்த முகங்களே பார்வையைத் திருப்பிக்கொண்டன. லயத்துப் பாட்டிகளுக்கு அது நூற்றைம்பது வருட அனுபவம். எங்கள் வாப்பா கடை வைத்திருந்த காலத்தில் கடன் கொப்பியில் ஒருவர் ஏமாற்றினால், "அந்த லயத்துக்கே இனிக் கடன் இல்லை" என்று கோபத்தில் சொல்வார். உம்மா, "ஒருத்தன்ட பொய்க்கு ஒம்பது வீட்டுப் புள்ளயள் பட்டினி கிடக்கிறதா?" என்று கேட்பார். அடுத்த நாள் கொப்பி மீண்டும் திறக்கும்.

ஆகவே அந்த மாணவனுக்கு எங்கள் பதில் இதுதான். மகனே, பொய் சொல்லிக் காசு வாங்கலாம், சிலர் வாங்கியும் இருக்கிறார்கள். அது களவு. ஆனால் உன் அண்ணனிடம் இதையும் சொல். வயிற்று வலி என்று ஒரு விருந்தினர் சொன்னால் முதலில் நம்பச் சொல். வைத்தியரிடம் காட்டச் சொல். எத்தனை மணிக்கு என்ன சாப்பிட்டார், வேறு யார் அதைச் சாப்பிட்டார்கள் என்று எழுதி வைக்கச் சொல். சாப்பாட்டில் கொஞ்சம் குளிர்சாதனப் பெட்டியில் எடுத்து வைத்து, பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்கு அறிவிக்கச் சொல். சமையலறை உண்மையில் அசுத்தமாக இருந்தால் அதையும் மறைக்காமல் சொல்லச் சொல். முகத்தைப் பார்த்துக் கள்ளம் என்று தீர்ப்பளித்த பெரட்டுக்களத்துத் துரையாக நாம் மாறிவிடக்கூடாது. கொக்கிப்புழுவைக் கண்டுபிடித்தது சந்தேகமல்ல, பரிசோதனை.

உடம்பு அமானிதம் என்று எங்கள் பெரியவர்கள் சொல்வார்கள். அதைப் பற்றிச் சொல்லும் வார்த்தையும் அமானிதம்தான்.

உங்கள் வீட்டுப் பெரியவர்கள் பழைய தோட்ட டிஸ்பென்சரி பற்றியும், சுகமில்லை என்று சொல்லி நம்பப்படாத நாட்கள் பற்றியும் கதை சொன்னால் கீழே எழுதுங்கள். வகுப்பில் பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்டுவோம். எழுதத் தெரியாத பாட்டிமார் சொல்வதை, பேரப்பிள்ளைகள் எழுதி அனுப்புங்கள்.