முற்றுப்பெறாத கற்கள்

எங்கள் வடக்குப்பட்டுப் பிள்ளை ஒருவனை நான் ஒருமுறை கடிந்துகொண்டேன். அவன் ஏடு முழுவதும் அரைகுறைப் படங்கள். “முடித்த படம் ஒன்று காட்டு” என்றேன். அதன்பின் அவன் ஏட்டைக் காட்டவேயில்லை. மறு ஆண்டு மாமல்லபுரம் சென்றபோதுதான் என் பிழை எனக்கு விளங்கிற்று.

அருச்சுனன் தபசின் முன் எல்லோரும் நிற்பர். கலை பயில்வோர் நிற்க வேண்டிய இடங்கள் வலையன்குட்டை இரதமும் பிடாரி இரதங்களுமே. பல்லவச் சிற்பிகள் ஏறத்தாழ 1,300 ஆண்டுகளுக்கு முன் பாதியில் விட்டுச் சென்றவை அவை. மேலே சிகரம் உருப்பெற்றிருக்கிறது. கீழே வெறும் பாறை. உச்சியிலிருந்து செதுக்கிவந்தால் உதிரும் கல் முடித்த வேலையைச் சிதைக்காதல்லவா? முற்றுப்பெறாத குடைவரைகளிலோ, பாறையைச் சதுரம் சதுரமாகப் பள்ளமிட்டுப் பிரித்து, இடையில் நின்ற கட்டிகளை உடைத்தெடுத்த உளித்தடம் இன்றும் தெரிகிறது. நிறைவுற்ற சிற்பம் இவற்றையெல்லாம் மறைத்துவிடும். 1957-இல் அவ்வூரிலேயே அரசின் சிற்பப் பயிற்சி நிலையம் தொடங்கப்பெற்றது. அங்குப் பயில்வோர் பேறுபெற்றவர். இக்கற்கள் அருகிலேயே உள்ளன.

அந்தப் பிள்ளை இன்று ஒரகடத்துத் தொழிற்சாலை ஒன்றில் பணிபுரிகிறான். அண்மையில் அவனைக் கண்டு, அந்தப் பழைய ஏட்டைக் கேட்டேன். “வீட்டில் தேடிப் பார்க்கிறேன், ஐயா” என்றான்.